இரண்டாவது பிரேக்

வண்டி டீச்சரின் வலது கால் அந்த வட்டாரத்தில் பேர் பெற்ற கால். ஓட்டுநர் பள்ளி வண்டியில் சொல்லித்தருபவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்ள வந்தவர் பதறிப்போய் எதையாவது மிதித்துத் தொலைக்கும்போது, அந்த இரண்டாவது பிரேக்தான் எல்லாரையும் முழுசாக வீடு சேர்க்கும். இருபது வருஷமாக டீச்சரின் கால் அதற்கு மேலே தொட்டும் தொடாமலும் நின்றுகொண்டிருந்தது. தேவையில்லாமல் இறங்கியதில்லை, தேவைப்பட்டபோது தவறியதும் இல்லை. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் மிச்சமில்லை. காய்கறிக் கடையிலிருந்து வங்கி வரைக்கும் அவள் வண்டி டீச்சர்தான்.

அப்படிப்பட்ட கால் ஒரு நாள் மானத்தை வாங்கிவிட்டது. காரணம், கோல்ஃப்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். குடித்துக் கெட்டவன், சீட்டாடிக் கெட்டவன் என்றால் உச்சுக் கொட்டுகிறோம். விடியற்காலையில் எழுந்து, ஷூ மாட்டிக்கொண்டு, பச்சைப் புல்லில் காற்று வாங்கிக்கொண்டே ஆடுகிற ஆட்டத்தில் ஒருத்தி கெட்டுப்போனாள் என்றால் யார் நம்புவார்கள்? டாக்டர்களே உடம்பை அசையுங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள் என்றுதானே படித்துப் படித்துச் சொல்கிறார்கள். இதில் உள்ள வில்லங்கமே அதுதான். ஒருவர் அடியோடு மூழ்கிக்கொண்டிருக்கும்போது சுற்றி இருப்பவர்கள் கை தட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆரம்பம் என்னவோ நல்லபடியாகத்தான் இருந்தது. அவளிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர்களில் ஒரு மயக்க டாக்டர் உண்டு. ஆபரேஷனுக்கு முன்னால் ஊசி போட்டுத் தூங்க வைக்கிறவர். டெஸ்டில் தேறிய சந்தோஷத்தில் அவர் டீச்சரைத் தன்னுடைய கோல்ஃப் மைதானத்துக்கு அழைத்துப்போய், பயிற்சித் தளத்தில் நிறுத்தி, கையில் ஒரு மட்டையைக் கொடுத்தார். முதல் அடி காற்றைத்தான் அடித்தது. அடுத்தது புல்லைப் பெயர்த்தது. அப்புறம் ஒன்று சரியாக விழுந்தது. சரியாக விழுந்த அடி கையில் தெரியவே தெரியாது என்று ஆடுகிறவர்கள் சொல்வார்கள். எலும்பில் அதிர்வில்லை, தோளில் பாரமில்லை. பந்து மட்டும் எழும்பிப் போய்க்கொண்டே இருந்தது. டீச்சர் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

அடுத்தவர் செய்யப்போகிற தப்புக்காக நாள் முழுக்கக் காத்திருப்பதுதான் அவள் பிழைப்பு. கண் சாலையில், காது எஞ்சினில், கால் பிரேக்கில். வீட்டுக்கு வந்த பிறகும் கணவர் தண்ணீர் டம்ளரை மேஜை ஓரத்தில் வைத்தால் அவள் கால் தானாக இறங்கும். புல்வெளியில் அப்படி எதுவும் இல்லை. பந்தைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் உலகமே ஒதுங்கி வழிவிட்டது. அன்று வீடு திரும்பி, "ஏங்க, இன்னிக்கு எனக்குக் கால் இருக்கிறதே மறந்துபோச்சு" என்று கணவரிடம் சொன்னாள். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அந்த மனிதர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார். மனைவி அப்படிச் சிரித்து அவர் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

அந்தச் சிரிப்புக்காகவே அவர் நிறைய பொறுத்துக்கொண்டார். வாரம் ஒரு நாள் என்றது வாரக்கடைசி முழுக்க என்றானது. அப்புறம் வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் தினமும். கூடத்துக் கம்பளம் குழிக்குப் பந்தை உருட்டிப் பழகும் இடமானது, அவருடைய தண்ணீர் டம்ளர் குழியானது. இருட்டில் குளியலறைக்குப் போகிற வழியில் பந்தை மிதித்துச் சறுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சமையலறையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு டீச்சர் இடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், குழம்பு பாட்டுக்கு அடிபிடிக்கும். "உனக்குக் கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. பார்வைதான் வீட்டுல இல்ல" என்று அவர் ஒரு நாள் சொன்னார். டீச்சர் சிரித்துவிட்டு, முழங்கையைச் சற்று உள்ளே வைக்க வேண்டுமோ என்று யோசித்தாள்.

அந்த முழங்கைதான் முதலில் புகார் செய்தது. உள்பக்கம் சுரீர் என்றது. பால் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. பட்டை ஒன்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வலி மாத்திரையை முழுங்கிவிட்டு மைதானத்துக்குப் போனாள். போனால் வலிக்கும், போகாவிட்டால் ஆளே சரியாக இருக்க மாட்டாள். மழைக்காக மைதானத்தை மூடிய ஒரு நாளில் ஜன்னல் திரை கோணலாகத் தொங்குகிறது என்று கணவரிடம் பெரிய சண்டை போட்டாள். திரை வருஷக்கணக்காக அப்படித்தான் தொங்குகிறது.

இந்த நேரத்தில்தான் நாத்தனார் வந்து நின்றாள்.

நாத்தனார் என்றால் கணவரின் தங்கை. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். தனி ஆள். சர்வீஸ் முழுக்க ராத்திரி ஷிப்ட் பார்த்து, பகலில் தூக்கம் வராமலும் ராத்திரியில் முழிக்க முடியாமலும் உடம்பு ஓய்ந்துபோயிருந்தது. இப்போது ஒரு நல்ல வழி திறந்திருந்தது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற நிறுவனம் ஒன்றில் பகல் வேலை. வண்டியும் அவர்களே தருவார்கள். ஒரே நிபந்தனை, வண்டியைத் தானே ஓட்ட வேண்டும். எவ்வளவோ ரத்தத்தைக் கண் கொட்டாமல் பார்த்தவளுக்கு ஸ்டீயரிங்கைப் பார்த்தால் கை வியர்த்துவிடும். ஆனாலும் அண்ணி இருக்கும்போது என்ன பயம் என்று தைரியமாகத் தலையாட்டிவிட்டாள். டீச்சரும், "என்கிட்ட விடு. உன்னைக் கண்ணை மூடிட்டு ஓட்ட வெச்சுடறேன்" என்று வாக்குக் கொடுத்தாள்.

கொடுத்த வாக்கைப் பாதி காப்பாற்றினாள் என்றுதான் சொல்ல வேண்டும். மைதானத்தில் இடம் கிடைத்த நாட்களில் வகுப்பு தள்ளிப்போனது. நாத்தனார், அண்ணிக்கு வேலை அதிகம் என்று எண்ணிக்கொண்டாள். கிடைத்த வகுப்புகளில் மெதுவாக, அக்கறையாக, ஊசி போடுகிற கவனத்தோடு ஓட்டினாள். டெஸ்ட் நெருங்கிவிட்டது. அவள் ஓட்டின ஓட்டத்துக்குத் தேறிவிடுவாள் என்பதில் டீச்சருக்குச் சந்தேகமே இல்லை.

நன்றாக ஓட்டினதுதான் வினையாகிப்போனது. தடுமாறுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்தால் கவனம் தானாக நிற்கும். நன்றாக ஓட்டுகிறவர் பக்கத்தில் அது ஊர் சுற்றக் கிளம்பிவிடும். அன்றைக்கு நேரான சாலை, எதிரே பச்சை விளக்கு, பின்னால் ஒரு டெலிவரி வேன். டீச்சரின் உடம்பு வண்டியில் இருந்தது. மனசு மைதானத்தின் கடைசிக் குழியில் இருந்தது. முந்தின நாள் கோட்டைவிட்ட உருட்டலை அங்கே திரும்ப உருட்டிக்கொண்டிருந்தாள். பந்து சரிவில் வேகம் பிடித்தது. குழியைத் தாண்டிப் போகப் பார்த்தது. கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உருளும் பந்தோடு பேசுவார்கள். நில்லு, நில்லு என்று கெஞ்சுவார்கள், உடம்பைப் பின்னால் சாய்ப்பார்கள், காலைத் தரையில் ஊன்றுவார்கள். டீச்சர் மனசுக்குள் நில்லு என்றாள். காலை ஊன்றினாள்.

பச்சை விளக்குக்கு நேர் எதிரே வண்டி அறைந்த மாதிரி நின்றது. பின்னால் வந்த வேன் தொம்மென்று வந்து இடித்தது.

யாருக்கும் அடியில்லை. டிக்கி நசுங்கியது, விளக்கு உடைந்தது, வேன்காரர் இறங்கி வந்து வாயில் வந்ததைச் சொன்னார். அதெல்லாம் பெரிசில்லை. அந்த வண்டியில் இரண்டு பிரேக்கும் ஒன்றோடு ஒன்று பூட்டியவை. ஒன்று இறங்கினால் மற்றதும் இறங்கும். நாத்தனாரின் காலுக்குக் கீழே பிரேக் தானாகத் தாழ்ந்தது. சிக்னல் நெருங்குகிறதே என்று அவள் காலும் அதன்மேல்தான் தயாராக இருந்தது. அவள் வெளுத்த முகத்தோடு திரும்பிக் கேட்டாள்.

"நானா அண்ணி மிதிச்சேன்?"

டீச்சர் வாயைத் திறந்தாள். உண்மை நாக்கு நுனி வரை வந்தது. இல்லாத பந்து ஒன்றை நிறுத்துவதற்காக இருக்கிற வண்டியை நிறுத்திவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? பேர் பெற்ற கால் அல்லவா? "பரவாயில்லம்மா. கத்துக்கும்போது எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்று சொன்னாள். அது பொய்யும் இல்லை. ஆனால் அதைவிடக் கெட்டிக்காரத்தனமான பொய்யை அவள் அதற்கு முன்னால் சொன்னதில்லை.

நாத்தனார் அதன் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. டெஸ்ட் தேதியைத் தள்ளிப்போட்டாள். அழைத்தால் தலைவலி என்றாள், வேலை என்றாள். டீச்சர் ஒரு தடவை வற்புறுத்திப் பார்த்தாள். நாத்தனார் சாவியைக் கையில் வாங்கி, சற்று நேரம் வைத்துக்கொண்டிருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

குற்ற உணர்ச்சி வந்தால் மனுஷன் திருந்துவான் என்பது நம் எல்லாருடைய ஆசை. டீச்சர் திருந்தவில்லை, இன்னும் நிறைய ஆடினாள். சும்மா உட்கார்ந்தால் நாத்தனாரின் வெளுத்த முகம் வரும், மட்டையைப் பிடித்தால் வராது. ஆகவே விடிவதற்கு முன்னால் பயிற்சித் தளத்தில் நின்றாள். கூடை கூடையாகப் பந்தை அடித்துத் தள்ளினாள். உள்ளங்கை காய்த்து, வெடித்து, மறுபடி காய்த்தது. ஆட்டம் என்னவோ பிரமாதமாகத் தேறியது. மயக்க டாக்டரும் அவளும் கிளப்பின் ஜோடி ஆட்டத்தில் வரிசையாக ஜெயித்து இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். கிளப்பில் எல்லாரும், என்ன அர்ப்பணிப்பு, என்ன ஒழுங்கு என்று புகழ்ந்தார்கள்.

ஒரு காலைநேரத்தில் அந்தப் புகழெல்லாம் ஒன்றுமில்லாமல் போனது. அவள் வாழ்நாளில் அடித்ததிலேயே அழகான அடி அன்றைக்குத்தான் விழுந்தது. பந்து எழும்பிப் போனதை நின்று பார்த்தாள். கையில் ஒன்றும் தெரியவில்லை. நெஞ்சிலும் ஒன்றும் தெரியவில்லை. பசியில்லாமல் பந்தியில் உட்கார்ந்தவள் மாதிரி அடுத்த பந்தை எடுத்து வைத்தாள், அடித்தாள், அடுத்ததை எடுத்து வைத்தாள். வீட்டுக்குப் போகவும் பிடிக்கவில்லை, அங்கே நிற்கவும் பிடிக்கவில்லை. கால் இருப்பதை மறக்க வந்த இடத்தில் இப்போது கால், முழங்கை, கட்டைவிரல், மூச்சு என்று எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துக்கொண்டு நின்றாள். காரில் செய்கிற அதே காவல் வேலைதான் இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது. இனிமேல் ஒளிய வேறு இடமில்லை என்ற பயத்தில் அவளுக்கு அழுகை வந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு அந்தக் கூடையை முடித்துவிட்டுத்தான் போனாள்.

மயக்க டாக்டர் இதையெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் ஆடுகிற அழகே வேறு. அடித்தால் சிரிப்பார், கோட்டைவிட்டால் இன்னும் பலமாகச் சிரிப்பார், அலுத்துவிட்டால் பாதி ஆட்டத்தில் டீ குடிக்கப் போய்விடுவார். டீச்சர் மட்டும் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்து ஒரு தடவை வந்து சொன்னார். "டீச்சர், தூங்க வைக்கிறதுல ஒரு பெருமையும் இல்ல. எழுப்பி வீட்டுக்கு அனுப்பறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். நீங்க எப்ப எழுந்திருக்கப் போறீங்க?" டீச்சர் அடுத்த பந்தை அடித்தாள்.

இறுதி ஆட்டத்தன்று காலையில் கணவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். தங்கை அந்தப் பகல் வேலை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாளாம். இன்று சாயங்காலம் ஷிப்டுக்குப் போகும்முன் நிறுவனத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடப்போகிறாளாம். அவர் எவ்வளவோ பேசிப் பார்த்துவிட்டார். அண்ணி ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள் என்று அவருக்கு நம்பிக்கை. டீச்சர் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, ஆட்டம் முடிந்ததும் போய்ப் பேசுகிறேன் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அவர் கோபப்பட்டால் அவ்வளவுதான் செய்வார்.

எதிரே ஆடியவர்கள் ஒரே மாதிரி தொப்பி போட்ட தம்பதி. நல்ல மாதிரியான ஆட்கள்தான், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் அரைமணி நேரம் ஆலோசனை நடத்துவார்கள். ஆட்டம் இழுபறியாகப் போனது. பாதிக்கு மேல் வந்தபோது டீச்சரின் பந்து பாதையை விட்டு விலகி நீண்ட புல்லில் போய்ப் படுத்துவிட்டது. மற்ற மூவரும் தள்ளி நின்றார்கள். டீச்சர் குனிந்து மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தாள். புல் அழுந்தியது. பந்து ஒரு அரிசி அளவுக்கு நகர்ந்து மறுபடி படுத்தது.

இந்த ஆட்டத்தில் தெருச் சண்டையைத் தீர்க்கிற மாதிரி நடுவர் யாரும் கூடவே வருவதில்லை. அவரவர் தப்பை அவரவரே சொல்ல வேண்டும் என்பதுதான் வழக்கம். ஓய்ந்திருக்கும் பந்தை ஆடுகிறவரே நகர்த்திவிட்டால் ஒரு அடி அபராதம். யாரும் பார்க்காவிட்டாலும் அபராதம்தான். டீச்சர் இமைக்கக்கூட இல்லை, கையைத் தூக்கினாள். "பந்து அசைஞ்சுடுச்சு. எனக்கு ஒரு அடி கூட்டிக்குங்க" என்றாள்.

தொப்பிக்காரர் நிஜமாகவே நெகிழ்ந்துபோனார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னார்.

"உங்களை மாதிரி ஒருத்தரைப் பார்க்கிறது அபூர்வம் டீச்சர். நாங்க யாருமே பார்க்கல. ஆனாலும் நீங்களா ஒத்துக்கிட்டீங்க."

டீச்சருக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அரிசி அளவுக்கு நகர்ந்த பந்துக்கு வாய் திறக்கிறது. நடுரோட்டில் நின்ற வண்டிக்குத் திறக்கவில்லை. கேட்டவள் யாரோ ஒருத்தி இல்லை, நானா அண்ணி என்று கேட்டவள். பந்தை அது முன்னால் கிடந்த இடத்திலேயே மறுபடி வைத்தாள். அடிக்கவில்லை. மட்டையைப் பையில் செருகிவிட்டு டாக்டரிடம் போனாள்.

"நான் போறேன் டாக்டர். நீங்க ஒத்தையா ஆடுங்க."

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இல்லை, நாத்தனாரிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றாள். இன்னும் கொஞ்சம்தானே பாக்கி, முடித்துவிட்டுப் போய்ச் சொல்லலாமே என்றார்.

"முடிச்சுட்டா சொல்ல மாட்டேன்."

 ஜோடியில் ஒருவர் போய்விட்டாலும் மற்றவர் தனியாக ஆடலாம், விதி இடம் கொடுக்கிறது. டாக்டர், கிளம்புங்கள் என்று கையை ஆட்டினார்.

நாத்தனாரின் வீடு மூன்றாவது மாடியில். கதவு திறந்தே இருந்தது, உள்ளே அவள் ஷிப்டுக்கான வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். டீச்சர் ஷூவில் ஒட்டிய புல்லோடு, ஒரு கையில் மட்டும் கழற்ற மறந்த கோல்ஃப் கையுறையோடு வாசலில் நின்றாள். உள்ளே வாங்க அண்ணி என்றாள் நாத்தனார். உள்ளே வந்தால் உட்காரத் தோன்றும், உட்கார்ந்தால் காபி வரும், காபி வந்தால் பேச்சு எங்கேயோ போகும் என்று டீச்சருக்குத் தெரிந்தது. நின்ற இடத்திலேயே சொன்னாள்.

"அன்னிக்கு பிரேக்கை மிதிச்சது நீ இல்ல. நான்."

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சுவிட்சை அணைத்தாள். முன்னால் ஏதாவது குறுக்கே வந்ததா என்று கேட்டாள். ஒன்றும் வரவில்லை என்றாள் டீச்சர். மனசுக்குள் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்ததையும், பந்து தாண்டிப் போனதையும், அதை நிறுத்தக் காலை ஊன்றியதையும் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அது எவ்வளவு கேவலமான கதை என்று அவளுக்கே தெரிந்தது.

"இல்லாத பந்தை நிறுத்தறதுக்கா என்னை நடுரோட்டுல நிறுத்தினீங்க?"

"ஆமாம்."

நாத்தனார் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். திரும்பியபோது அவள் குரல் நடுங்கவில்லை. வார்டில் பேசுகிற குரல் அது.

"அன்னியிலேருந்து நான் என்னையே நம்பல அண்ணி. என் கால் எனக்குத் தெரியாம ஒண்ணைச் செய்யுதுன்னா, என் கை செய்யாதா? ஒவ்வொரு ஊசி போடறதுக்கு முன்னாடியும் மூணு தடவை மருந்தைப் பார்த்தேன். பக்கத்துல இருக்கிற சின்னப் பொண்ணைக் கூப்பிட்டு, நீயும் ஒரு தடவை பாரும்மான்னு கேட்டேன். இத்தனை வருஷ சர்வீஸ்ல நான் யாரையும் அப்படிக் கேட்டதில்ல."

டீச்சர் இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு டெஸ்டும் ஒரு வேலையும் போகிறது என்றுதான் நினைத்திருந்தாள். ஒருத்திக்குத் தன் கையின்மேல் இருந்த நம்பிக்கையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு புல்லில் பந்து பொறுக்கியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கையுறை போட்ட கையால் துடைத்துக்கொண்டாள். மன்னிச்சுக்கோ என்றாள். அதற்குமேல் ஒரு காரணமும் சொல்லவில்லை.

நாத்தனார் போனை எடுத்தாள். நிறுவனத்து மேலாளரிடம், டெஸ்ட் மட்டும் கொஞ்சம் தள்ளிப்போகிறது, வேலைக்குக் கட்டாயம் வருகிறேன் என்று சொன்னாள். யோசிக்க ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. போனை வைத்துவிட்டு டீச்சரைப் பார்த்தாள்.

"கோபம் ஆறினதும் நானே வந்து பேசறேன் அண்ணி. வந்து சொன்னீங்களே, அது போதும். ஆனா இனிமே நீங்க எனக்குச் சொல்லித்தர வேண்டாம். நான் வேற ஸ்கூல்ல சேர்ந்துக்கறேன்."

வேறு ஸ்கூல் என்றால் அங்கே ஒன்றுதான் உண்டு. அதை நடத்துகிற ஆள் கிளட்சைத் தேய்த்தே தீர்த்துவிடுவான் என்று டீச்சர் வருஷக்கணக்காக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள். இப்போதும் வார்த்தை தொண்டை வரை வந்தது. முழுங்கினாள். "சரிம்மா. அங்கேயே சேர்ந்துக்கோ" என்றாள்.

சாயங்காலம் கடையிலிருந்து வந்த கணவரிடமும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. ரொம்ப நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் போய் அவள் முழங்கைக்கு வெந்நீர் வைத்துக்கொண்டு வந்தார். மயக்க டாக்டர் தனியாக ஆடிக் கடைசிக் குழியில் தோற்றுவிட்டு, போனில் சிரித்துக்கொண்டே செய்தி சொன்னார்.

மட்டைப் பையைப் பரண்மேல் போட்டாள். இத்தோடு எல்லாம் சுபம் என்று யாரும் நினைக்க வேண்டாம். முதல் சில வாரங்கள் அவளைக் கண்ட கதவெல்லாம் பயந்தன. காரணமில்லாமல் சாத்துவாள், காரணமில்லாமல் திறப்பாள். விடியற்காலையில் விழிப்பு வந்து, போக இடமில்லாமல் கூடத்தில் உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் நாத்தனாரின் முகம் வந்தால் வரட்டும் என்று விட்டாள். வகுப்பு நேரத்தில் மனசு மைதானத்துக்கு நழுவினால், பக்கத்தில் ஓட்டுகிறவரிடம் எதிரே தெரிகிறதை எல்லாம் சத்தமாகச் சொல்லச் சொல்வாள். அதைக் கேட்கக் கேட்க மனசு திரும்பி வந்துவிடும். கற்றுக்கொள்பவர்கள் இதைப் புது முறை என்று எண்ணி ஆளாளுக்குப் பாராட்டினார்கள். முழங்கை ஆறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மயக்க டாக்டர் கூப்பிட்டார், போனாள், பாதி மைதானம் ஆடினாள். நாலைந்து அடிகள் நன்றாக விழுந்தன, இரண்டு பந்துகள் தண்ணீரில் விழுந்தன. டாக்டர் டீ குடிக்கப் போனபோது அவளும் கூடவே போய்விட்டாள். டீ நன்றாக இருந்தது.

நாத்தனார் போட்டி ஸ்கூலில் படித்து முதல் தடவையிலேயே தேறினாள். செய்தி அண்ணன் வழியாகத்தான் வந்தது. டீச்சர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதாள். சந்தோஷம்தான், கூடவே வயிற்றெரிச்சலும் இருந்தது.

அதன் பிறகு ஒரு காலையில் வாசலில் ஹாரன் கேட்டது. நிறுவனத்தின் சின்ன வெள்ளை வண்டி. உள்ளே நாத்தனார், சீருடையில், தலையை அழுத்தி வாரிக்கொண்டு. முதல் நோயாளி வீட்டுக்குப் போகிற வழிதான், ஸ்கூல்வரை இறக்கிவிடுகிறேன், ஏறுங்கள் என்றாள். ஏதோ தினமும் நடக்கிறது போலச் சொன்னாள். டீச்சர் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெல்ட் போட்டுக்கொண்டாள். 

கடைத்தெருவில் பஸ் ஒன்று திடீரென்று ஓரம் கட்டியது. டீச்சரின் வலது கால் பாய்ந்து இறங்கியது. கீழே வெறும் விரிப்புதான் இருந்தது. கால் அதை அழுத்திக்கொண்டு நின்றது. வண்டி அதற்குள் குலுங்காமல், அலுங்காமல் நின்றுவிட்டிருந்தது.

"அங்க ஒண்ணும் கிடையாது அண்ணி" என்றாள் நாத்தனார், கண்ணை பஸ்ஸைவிட்டு எடுக்காமல். "இந்த வண்டியில ஒரே பிரேக்தான். அது என் காலுக்குக் கீழ இருக்கு."

டீச்சர் காலை எடுத்தாள். பஸ் நகர்ந்ததும் நாத்தனார் கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, வண்டியை மெதுவாக வெளியே எடுத்தாள்.